பிளாரன்ஸின் பட்டை

உப்பு ஆகாதென்று டாக்டர் சொல்லியும் கருவாட்டுக் குழம்பு வைக்கும் நாளில், பிரஷரை அளந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் தன் மணிக்கட்டுப் பட்டையை பிளாரன்ஸ் கணவன் அமல்ராஜின் கையில் மாட்டிவிடுவாள். "இன்னைக்கு மட்டும் எனக்காக நல்ல பிள்ளையா இருங்க." கருவாடு இல்லாத நாளே இல்லை.

ஊரெல்லாம் வைரஸ் காய்ச்சல், அவளுக்கும் வந்தது. பிரஷர் அடங்காதவர்களுக்குத்தான் ஆஸ்பத்திரியில் கட்டில். டாக்டர் பட்டையின் ஒரு வருடப் பதிவைப் பார்த்து, "பயமில்லை, வீட்டுக்குப் போங்க" என்றார். அமல்ராஜ் உண்மையைச் சொல்ல வாய் திறந்தான். "சும்மா இருங்க, ஏசுவாங்க" என்று அவள் அவன் கையை அமுக்கினாள். மூன்றாம் நாள் இறந்தாள்.

பட்டையைத் திரும்ப வாங்க நர்ஸ் வந்தாள்.

"அண்ணே, அக்கா போயி எட்டு நாளாச்சு. இன்னைக்குக் காலையிலயும் அவங்க பிரஷர் நூத்தியிருபதுன்னு வந்திருக்கே?"

அமல்ராஜ் சட்டைக் கையைச் சுருட்டி, பட்டை கட்டிய மணிக்கட்டை நீட்டினான்.

"வருஷம் பூரா நாந்தான் கட்டியிருந்தேன்."