பெயரில்லாத பட்டியல்

பிரசவ வார்டிலிருந்து இரத்தம் கேட்டுச் சீட்டு வந்தபோது எங்கள் குளிர்பெட்டியில் ஓ நெகட்டிவ் ஒரே ஒரு யூனிட்தான் இருந்தது. கேட்டது மூன்று.

இருந்ததை மேலே அனுப்பிவிட்டு, சியூ லான் அக்காவின் பட்டனை அழுத்தினேன்.

சியூ லான் அக்கா எங்கள் இரத்த வங்கியின் எழுத்தர். புரோகிராம் படித்தவர் இல்லை. ஆனாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சும்மா கிடந்த ஆக்சஸ் மென்பொருளில் எங்கள் ஊரான சீபு வட்டாரக் கொடையாளர்களையெல்லாம் ஏற்றி, இந்தப் பட்டனை வைத்தார். தொட்டால் போதும். கேட்ட இரத்தப் பிரிவில், கொடுத்து மூன்று மாதம் தாண்டியவர்களை மட்டும் பொறுக்கி, ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப் இணைப்பை அதுவே கட்டி, அதுவே திறக்கும். செய்தியும் எழுதித் தயாராக இருக்கும்: "உங்கள் இரத்தம் தேவைப்படுகிறது. வர முடிந்தால் 1 என்று அனுப்புங்கள்." நாம் என்டர் தட்ட வேண்டியதுதான்.

முதல் நாள் ஒரு இணைப்பும் திறக்கவில்லை. இங்கே ஊரே போன் நம்பரைப் பூஜ்யத்தில் தொடங்கித்தான் சொல்லும். அக்காவும் அப்படியே ஏற்றிவிட்டார். இணைப்புக்கோ நாட்டு எண் வேண்டும். கவாய் அறுவடைப் பண்டிகை விடுமுறை முழுக்க உட்கார்ந்து சரிசெய்தார். "என்ன, கல்யாணப் பத்திரிகை அனுப்பப் போறியா?" என்று டாக்டர் கேலி செய்தபோதும் விடவில்லை.

பட்டியலில் பெயர் கிடையாது, கொடையாளர் எண் மட்டும். பெயர் தெரிந்தால் பழகினவர்களையே போட்டு நச்சரிப்போம் என்பது அக்காவின் கட்சி. அவரைக் கையெடுத்துக் கும்பிட எனக்கு இந்த ஒன்றே போதும்.

திரையில் நாலே பேர் வந்தார்கள்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் பிரசவ வார்டில் இரத்தம் வேண்டிய பெண்ணின் கணவர் உங்காட் நின்றார். மர ஆலையில் வேலை, வாட்டசாட்டமான ஆள். மனைவியின் சிவப்புக் கைப்பையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார்.

"பொண்ணு பொறந்திருக்கு. பெத்தவளுக்குத்தான் ரத்தம் நிக்கல. ஆள் கிடைப்பாங்களா தம்பி?"

"கேட்டுக்கிட்டே இருக்கேண்ணே."

முதல் இணைப்பு திறந்தது. என்டர். உடனே பதில்: 1.

இரண்டாமவர் தூரத்தில், கூச்சிங்கில் இருந்தார்; இன்று வர முடியாது.

மூன்றாமவர்: 1. படகுத்துறையிலிருந்து கிளம்பிவிட்டாராம்.

கணக்குக்கு இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள். இருந்தாலும் ஒரு ஆள் கூடுதலாக இருக்கட்டும் என்று நான்காவதுக்குப் போனேன்.

அது திறந்ததும் என் கை தானாக நின்றது. மேலே பழைய செய்திகள் வரிசையாகக் கிடந்தன. பதினோரு முறை நாங்கள் கேட்டிருக்கிறோம். பதினோரு முறையும் கீழே 1. என்ன ஏது என்று ஒரு கேள்வி இல்லை. கடைசியாகக் கொடுத்துப் பதினாறு மாதம் ஆகியிருந்தது.

யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு என்டர் தட்டினேன்.

உங்காட்டின் நெஞ்சில் இருந்த கைப்பை 'டிங்' என்றது.

அவர் போனை வெளியே எடுத்துப் படித்தார். பெரிய கட்டைவிரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். பதினொன்றையும் படித்து முடித்தார்.

"மார்க்கெட்டுக்குப் போறேன்னு சொல்லுவா," என்றார். "வெறுங்கையோட வருவா. நானும் திட்டுவேன்."

வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு மழைக்கோட்டும் ஹெல்மெட்டுமாக ஒருவர் வந்தார். கேட்பதற்கு முன்பே சட்டைக் கையைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். நான் அவரை உள்ளே அழைத்துப் போய்ப் படுக்க வைத்துவிட்டுத் திரும்பினேன்.

திரையில் நான்காவது எண்ணிலிருந்து பதில் வந்திருந்தது.

"கொஞ்ச நாள் பொறுங்க. வருவா."