பனி மூடிய வாசல்

"விடிஞ்சதும் இதுதான் வேலை, அம்மா. வாசலும் காரும் பனியால மூடிக் கிடந்தது. இப்பதான் சவளால அள்ளி முடிச்சனான்," என்றான் யோகேந்திரன் தொலைபேசியில்.

கொட்டாஞ்சேனையில் அம்மா கவலைப்பட்டாள். "வழுக்கி விழுந்திடாதை, மோனே."

"உப்புப் போட்டனான்."

அப்போது அவனுடைய ஜன்னலுக்கு வெளியே, "கல்கிஸ்ஸ, ரத்மலான, நகின்ன, நகின்ன!" என்று ஒரு பஸ் நடத்துநர் சிங்களத்தில் ஆட்களை ஏறச் சொல்லிக் கத்தினான்.

யோகேந்திரன் அவசரமாகத் தொலைபேசியைக் கையால் பொத்தினான். இராணுவச் சுற்றிவளைப்புகளுக்குப் பயந்து கனடாவுக்கு அனுப்பிய மகனை விமான நிலையத்திலேயே திருப்பிவிட்டார்கள் என்று தெரிந்தால் அம்மா உடைந்துபோவாள் என்றுதான் அவன் அதே நகரில், வெள்ளவத்தையில் நண்பனின் அறையில் ஒளிந்திருந்தான்.

அம்மா சிரித்தாள். "அந்த பஸ்ஸில ஏறிடாதை, அது மற்றப் பக்கம் போறது. கொட்டாஞ்சேனை பஸ்ஸைப் பிடிச்சு வீட்டை வா, புட்டு அவிக்கிறன். வரேக்கை சவளையும் கொண்டு வா. எங்கட வாசலில மழைச்சேறு கிடக்கு."