சத்தமாக ஒரு ஜெபம்

"தகப்பனே, எங்கள் சகோதரி ஜெயபிரியாவை உம்முடைய சமுகத்தில் வைக்கிறோம். புருஷன் கையால் அடிபட்டு, அதை வெளியே சொல்ல முடியாமல் தவிக்கிற இந்தப் பிள்ளையைக் கண்ணோக்கிப் பாரும்."

எழிலரசி நிறுத்தவில்லை. அவள் குரல் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

பாயில் மண்டியிட்டிருந்த ஜெயபிரியாவுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. சுற்றிலும் பதினைந்து பெண்கள். அத்தனை பேர் கண்ணும் மூடியிருந்தது, அத்தனை பேர் காதும் திறந்திருந்தது.

எழுந்து போகவும் வழியில்லை. ஒருவர் ஜெபிக்கும்போது நடுவில் எழுந்திருக்கக் கூடாது என்று அந்தப் பாலக்கோடு சபையில் சட்டம் போட்டதே ஜெயபிரியாதான். மாதர் சங்கத் தலைவி. கணவர் சத்யராஜ் சபை மூப்பர், ஞாயிற்றுக்கிழமை முன்னால் நின்று பைபிள் வாசிப்பவர்.

"ஆமென்" என்றார்கள் எல்லோரும்.

ஜெயபிரியாவும் சொன்னாள். சொல்லாமல் இருந்தால் அதையும் கவனிப்பார்கள்.

மற்ற இடங்களில் வம்பை வம்பாகவே பேசுவார்கள். இங்கே வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அதற்கு ஒரு மரியாதை உண்டு. கலைமதியின் மகள் யாரோடு பைக்கில் போனாள், யார் வீட்டு மருமகள் தனிக்குடித்தனம் கேட்கிறாள், எல்லாம் மிகுந்த பாரத்தோடு ஆண்டவரிடம் ஒப்படைக்கப்படும். மத்தியானத்துக்குள் தக்காளி மண்டி வரை போய்விடும். இந்த விஷயத்தில் ஜெயபிரியாவை மிஞ்ச ஆளில்லை. எழிலரசியின் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் கோட்டை விட்டதைப் போன மாதம் கண்ணீரோடு ஜெபித்து ஊருக்குச் சொன்னது அவள்தான்.

அதற்குத்தான் எழிலரசி பழி வாங்குகிறாள். போதாக்குறைக்கு அடுத்த மாதம் தலைவி தேர்தல் வேறு.

ஜெபம் முடிந்து கஞ்சி ஊற்றினார்கள். யாரும் ஜெயபிரியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தீர்த்தம்மாள் மட்டும் அவள் டம்ளரில் இன்னொரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள். அந்தப் பரிதாபத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. டம்ளரை நங்கென்று வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வாசலில் எழிலரசி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு யாருடி சொன்னது?"

"யாரும் சொல்லலீங்கக்கா."

"அப்ப என் வூட்டு சமாச்சாரம் உனக்கு எப்படித் தெரியும்? ஒளிஞ்சு நின்னு பாத்தியா?"

"மூணு வாரமா ஜெபம் முடிஞ்சும் நீங்க முக்காட்ட எடுக்கறதில்ல. கன்னம் வரைக்கும் இழுத்து வுட்டுக்கறீங்க. அது பக்தி இல்லைன்னு எனக்குத் தெரியாதுங்களா? எங்க வூட்டு ஆளு ஓசூருக்கு ஓடிப்போற வரைக்கும் நானும் அப்படித்தான இருந்தேன்."

ஜெயபிரியாவின் கை தானாக முக்காட்டுக்குப் போனது. சட்டென்று இறக்கிக்கொண்டாள். கோபம் இன்னும் ஏறியது.

"பதவி வேணும்னா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதான? என் மானத்த வாங்கிட்டுத்தான் அந்தச் சேர்ல உக்காரணுமா?"

"அந்தச் சேரு எனக்கு வேண்டாங்க. தேர்தல்ல நிக்கலைன்னு காலையிலயே பாஸ்டரம்மாகிட்ட சொல்லிட்டேன்."

இதை ஜெயபிரியா எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

"சாயந்திரத்துக்குள்ள அந்த மனுஷன் காதுக்கு இது போயிரும். அதுக்கப்புறம் என் கதி என்னன்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா நீ?" கடைசி வார்த்தைக்கு வரும்போது குரல் நடுங்கிவிட்டது. அந்த நடுக்கத்துக்கும் சேர்த்து எழிலரசியின் மேலேயே ஆத்திரம் வந்தது.

"யோசிச்சுத்தாங்க பண்ணேன். அவரு காதுக்குப் போவட்டும். சாயந்திரம் அவரு வர்றதுக்கு முன்னாடியே நாங்க பொம்பளைங்க எல்லாரும் உங்க வூட்டுல இருப்போம். நாளைக்கும் வருவோம், அதுக்கடுத்த நாளும் வருவோம். நீங்க போவச் சொன்னாலும் போவ மாட்டோம். ஸ்டேஷனுக்குப் போலாம்னு சொன்னீங்கன்னா அதுக்கும் கூட வர்றோம். இனிமே கைய ஓங்கினா சபையே கேக்கும்னு மூப்பருக்குத் தெரியணுமில்லீங்களா?"

"அதுக்கு இப்படியா?" ஜெயபிரியா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "எல்லார் காதுலயும் வுழற மாதிரியா? எனக்காக மனசுக்குள்ள ஜெபம் பண்ணியிருக்கலாமில்ல? ஆண்டவருக்கு அது கேக்காதா?"

இவ்வளவு நேரம் திட்டை எல்லாம் பொறுமையாக வாங்கிக்கொண்டிருந்த எழிலரசியின் முகம் இப்போதுதான் மாறியது. அது இன்றைக்கு வந்த கோபம் மாதிரித் தெரியவில்லை.

"உங்க பக்கத்து போர்ஷன்ல நாலு வருஷம் குடியிருந்தோம். நடுவுல ஒரே செவுருதான். எம் புருசன் என்னைப் போட்டு அடிக்கறப்ப எல்லாம் உங்க வூட்டு டிவி சத்தம் நின்னு போவும். கதவு மட்டும் தொறக்காது. மறுநாளு என் கையப் புடிச்சுக்கிட்டு, 'உனக்காக மனசுக்குள்ள ஜெபம் பண்ணேன் எழிலு'ன்னு சொல்லுவீங்க."

எழிலரசி இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு சொன்னாள்.

"ஆண்டவருக்கு அது கேட்டிருக்குங்கக்கா. எம் புருசனுக்குத்தான் ஒரு நாளும் கேக்கல."