கம்பெனிச் சாக்கு

மடியிலிருந்த துணிப்பையை அவள் விடவே இல்லை.

பக்கத்தில் மகள் சுகுணா. முப்பது வயது. படியேறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

சமுதாயக் கூடத்தில் இலவச நெஞ்சுப் பரிசோதனை. மூடிப்போன கூரை ஷீட் கம்பெனியின் முதலாளிகள் நடத்துகிறார்கள். செய்வதையெல்லாம் செய்துவிட்டு வாசலில் வாழைமரம் வேறு கட்டியிருக்கிறார்கள்.

டாக்டர் சுகுணாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க கம்பெனியில வேலை பார்த்தீங்களாம்மா?"

சுகுணா இல்லையென்று தலையாட்டினாள். பார்த்தது அவள் அப்பா. அவர் இருமி இருமியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"அப்ப எக்ஸ்ரே கிடையாது. வேலை பார்த்தவங்களுக்கு மட்டும்தான். உங்களுக்குச் சும்மா தூசி ஒத்துக்கலை. ஆவி பிடிங்க, சரியாப் போயிடும்."

ஆவி பிடிக்க வேண்டுமாம்.



ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை எல்லாக் கம்பெனியிலும் கொடுப்பார்கள். இங்கே கூடவே காலிச் சாக்கும் கொடுத்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் பஞ்சு வந்திறங்கிய சாக்கு. நல்ல கெட்டி. அதற்கு அடிதடியே நடக்கும். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் அதைப் பிரித்துப் பிள்ளைகளுக்குப் படுக்கை தைத்தார்கள்.

காலையில் வாசலில் நின்று உதறினால் பஞ்சுத் தூசி வெள்ளையாகப் பறக்கும். வெயிலில் மினுமினுக்கும். பிள்ளைகள் அதைப் பிடிக்கப் பின்னாலேயே ஓடும்.

சுகுணா தூங்கியது, தவழ்ந்தது, பால் கக்கியது எல்லாம் அதன்மேல்தான். தைத்தவள் அம்மா. தினமும் உதறிப் போட்டவளும் அவள்தான். யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா?

வேலை பார்க்கவில்லையாம். வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டு இப்போது கேள்வி கேட்கிறார்கள், பாவிகள்.

அவள் எழுந்தாள். பையிலிருந்ததை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். பரணில் கிடந்த பழைய சாக்கு. கம்பெனிப் பெயர் இன்னும் அழியவில்லை.

"சும்மா தூசிதானே சார். உதறிக் காட்டுறேன், பாருங்க."

இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கினாள்.

டாக்டரின் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் சுவரோடு ஒட்டி நின்றார். நர்ஸ் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

சுகுணா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

அம்மா இன்னும் உதறவே இல்லை.