உருளையில் சுற்றிய முடி

சியென்ஃபுவேகோஸ் நகரில், வீட்டு முன்னறையில் ஒரு பழைய பிரிண்டரை வைத்துப் பிழைக்கிறான் எவேலியோ. மை தெளிக்கும் தலை ஓடுகிற கம்பி கிறீச்சிட்டால், நண்பன் நிகானோர் தையல் மிஷின் எண்ணெயோடு வந்துவிடுவான்.

இன்றும் வந்தான். கம்பியைத் துடைத்து எண்ணெய் விட்டான். காகிதம் இழுக்கும் உருளையிலிருந்து நீளமாக ஒரு முடியை உருவினான்.

"அடப்பாவி மச்சான், யாருடா அவ?"

"யாரும் வர்றதில்லடா."

"அப்ப இது என்ன, உன் மீசையா? நல்லதுதான், எத்தனை நாள் ஒத்தையா கிடப்ப? ஆனா தலைய முடிஞ்சுக்கச் சொல்லு, உருளை போயிடும். இல்லேன்னா இந்தக் கிழட்டு மிஷினை எனக்கு வித்துடு."

"விக்க மாட்டேன்."

அவன் போனதும் எவேலியோ முடியை விரலில் சுற்றிக்கொண்டான். புற்றுநோய்ச் சிகிச்சையில் மனைவி யாமிலாவுக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. மொட்டைத் தலையோடுதான் அவளைப் புதைத்தான். அதன்பின் முதன்முறை உருளையைத் துடைத்தபோது கிடைத்த முடி அரை விரல் நீளம்கூட இல்லை. அடுத்து கிடைத்தது காது வரை வரும். இது தோளைத் தாண்டும். மிஷின் போனால் அவளும் போய்விடுவாள் என்று அவன் பயந்தான்.

ஜன்னல் வெளிச்சத்தில் முடியைப் பிடித்துப் பார்த்தான். யாமிலா இருபத்தெட்டு வயதில் போனவள்.

வேர்ப்பக்கம் நரைத்திருந்தது.