பதினாறு மூட்டை

"அந்த ஆட்டப் புடிச்சுக் கட்டு வேலாயி! மிஸ் வர்ற நேரத்துல வாசல்லயே வந்து நிக்குது!"

நாகலெட்சுமி கையை ஓங்கினாள். ஆடு இரண்டடி பின்வாங்கி, மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நின்றது. விடிந்ததிலிருந்து இது மூன்றாவது தடவை.

"கட்டுனாலும் அத்துக்கிட்டு வருதுக்கா. இன்னிக்கு என்னமோ இதுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு" என்று அலுத்துக்கொண்டாள் வேலாயி.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் அது. போன மாத மழையில் மண் சரிந்து தேயிலை மலையில் பாதி கீழே போனது. வேலையும் அதோடு போனது. அப்போதுதான் நாகலெட்சுமி, வேலைக்குப் போகிறவர்கள் முன்பு குழந்தைகளை விட்டுப்போன, இப்போது பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவைத் திறந்து, டவுன் கடைகளில் கேட்டு வாங்கிய அரிசி பருப்பை வைத்து உணவு வங்கி ஒன்றைத் தொடங்கினாள். முப்பத்தெட்டுக் குடும்பங்கள் அதை நம்பித்தான் அடுப்பு மூட்டின.

இப்போது உணவு வங்கிகளுக்கு அரசாங்கம் அவசர நிதி கொடுக்கிறது. பிரதேச செயலகத்து கோசலா மிஸ் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் மூன்று மாதத்துக்குக் கவலை இல்லை. போடாவிட்டால் காம்பராவை மறுபடியும் பூட்ட வேண்டியதுதான்.

"பயப்படாத தங்கச்சி" என்றார் சங்கத் தலைவர் செல்லசாமி. முப்பது வருசம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். இடுப்பில் கவ்வாத்துக் கத்தி இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. "தோட்டத்துத் துரை வர்றாருன்னா நாம என்ன செய்வோம்? நாம குடியிருக்குற லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம், வாசலக் கூட்டுவோம். வர்றவங்களுக்குக் கண்ணு நெறையணும். அப்பத்தான் காரியம் நடக்கும்."

உள்ளே சுவரோரமாகப் பதினாறு மூட்டைகள், வாய் தைத்து, வரிசையாக நின்றன. நாகலெட்சுமி அவற்றைச் சுற்றி நான்காவது முறையாகச் சாம்பிராணி போட்டாள். காலையில் வெறும் பையோடு வந்த பேச்சியம்மாவை 'நாளைக்கு வா' என்று திருப்பி அனுப்பியது வேறு மனதை அறுத்தது.

ஜீப் வந்தது. கோசலா மிஸ் சேறு அப்பிய சப்பாத்தோடு, கக்கத்தில் பைலை இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"என்னம்மா, ஒரே புகையா இருக்கு?"

"செவ்வாய்க்கிழமைங்க மிஸ்."

மிஸ் மூட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஒன்றை அழுத்திப் பார்க்கக் கையை நீட்டினார். நீட்டிய கையில் நாகலெட்சுமி சட்டென்று தேத்தண்ணிக் கப்பை வைத்தாள்.

"குளிருல வந்திருக்கீங்க. மொதல்ல இதக் குடிங்க மிஸ்."

வாசலில் ஆடு தலையை நீட்டியது. செல்லசாமி காலால் அதை மறித்துக்கொண்டே, "நம்ம புள்ளைங்க எப்புடி நடத்துறாங்க பாத்தீங்களா மிஸ்!" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"ரொம்ப நல்லா நடத்துறீங்க. அதுதான் எனக்குச் சங்கடமா இருக்கு." மிஸ் கப்பைத் திருப்பிக் கொடுத்து, பைலை மூடினார். "இந்த நிதி கையிருப்பு தீர்ந்துபோன இடங்களுக்கு மட்டுந்தான் அம்மா. இல்லாத இடத்தத் தேடித்தான் நான் மலை மலையா ஏறுறேன். உங்ககிட்டதான் பதினாறு மூட்டை இருக்கே! நான் வர்றேன்."

செல்லசாமியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "வாயத் தொறக்காத தங்கச்சி. மானம் போயிரும்" என்று நாகலெட்சுமியின் காதோரம் கிசுகிசுத்தார்.

மிஸ் வாசற்படியில் கால் வைத்துவிட்டார். ஜீப் உறுமியது. நாகலெட்சுமியின் கண்ணில் பேச்சியம்மாவின் வெறும் பைதான் நின்றது. மானமாவது ஒன்றாவது!

"மிஸ், ஒரு நிமிசம்!"

செல்லசாமி சுதாரிப்பதற்குள் அவர் இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவினாள். முதல் மூட்டையை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பில் கிழித்தாள்.

மிஸ்ஸின் சப்பாத்துவரை சரிந்து விழுந்தது அரிசி அல்ல. விடியற்காலையில் அறுத்துத் திணித்த பச்சைப் புல்.

"பதினாறும் இதுதானா?"

"பதினாறும் இதுதாங்க மிஸ். அரிசி முந்தாநாளே தீந்துபோச்சு. வெறுந்தரையப் பாத்தா 'நடத்தத் தெரியாதவங்க'ன்னு திரும்பிப் போயிருவீங்கன்னு நெனச்சோம்."

மிஸ் புல்லைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இருக்கிறத இல்லன்னு ஏமாத்துறவங்கள நிறையப் பார்த்திருக்கேன். இல்லாதத இருக்குன்னு காட்டி ஏமாத்தப் பார்த்தது நீங்கதாம்மா முதல் ஆளு!" என்றவர், பைலைத் திறந்து பெரிதாகக் கையெழுத்தைப் போட்டார். "நாளைக்கு லொறி வரும். எல்லாரையும் வரச் சொல்லுங்க."

செல்லசாமியின் கால்களுக்கிடையே புகுந்து ஆடு உள்ளே பாய்ந்தது. இந்தத் தடவை அதை யாரும் விரட்டவில்லை.