சேலம் டிக்கெட்

சென்ற ஆண்டு வெளியூர்ப் பிள்ளைகள் சிலர் இரவல் கேமராவோடு புதுச்சத்திரம் வந்து, சென்னியம்மாளின் வீட்டிலேயே ஒரு படம் எடுத்தார்கள். அடிக்கும் புருஷனை விட்டு ஒருத்தி பஸ் ஏறிப் போகிற கதை. அந்த ஒருத்தியாகச் சென்னியம்மாளே நடித்தாள். தகரப் பெட்டியோடு பஸ் ஏறுவாள். ஊர் எல்லை வேப்பமரத்தடியில் இறக்கிவிடுவார்கள். திரும்பி நடந்து வருவாள்.

"இன்னொருக்கா ஏறிட்டு வாங்கக்கா" என்பான் படமெடுத்த பையன்.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களிடம், யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தான். அவள் புருஷன் சின்னுசாமி வாசல் கட்டிலில் படுத்தபடி சிரித்துக்கொண்டிருந்தான்.

இந்த ஆடியில் சின்னுசாமி அவள் கையை முறித்தான். கட்டு அவிழ்த்த மறுநாள் காலை, அவன் தூங்கும்போதே அதே பெட்டியோடு நிஜமாகக் கிளம்பினாள். அக்காள் இருக்கும் சேலத்துக்கு டிக்கெட் வாங்கினாள்.

வேப்பமரத்தடியில் விசில் அடித்தது. பஸ் நின்றது.

"எறங்குங்க அம்மிணி, உங்க எடம் வந்திருச்சு" என்றார் கண்டக்டர்.

"நான் சேலம் போறனுங்க. டிக்கெட் இருக்குதுங்களே!"

"நேரமாவுதுங்க அம்மிணி." பெட்டியை எடுத்து அவரே கீழே வைத்தார்.

பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊருக்குள் நடந்து வந்து அடுத்த பஸ்ஸில் ஏறினாள். அதுவும் அதே மரத்தடியில் நின்றது. மறுபடியும் நடந்தாள். வழியில்தான் வீடு. மூச்சை அடக்கிக்கொண்டு வாசலைக் கடந்தபோது, கட்டிலில் கிடந்த சின்னுசாமி கண்ணைத் திறக்காமலே சொன்னான்:

"இன்னொருக்கா ஏறிட்டு வா, புள்ள."